அரைக் கிலோ பொட்டலமும் பக்கத்துத் தக்காளியும்: 2,4-டி களைக்கொல்லித் தூள் பற்றி

முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன். 2,4-டி சோடியம் உப்பு, 80 சதவீதத் தூள். அகன்ற இலைக் களைகளுக்கு இவ்வளவு மலிவாக, இவ்வளவு தெளிவாக வேலை செய்யும் மருந்து நான் பார்த்ததில்லை. ஆனால் பொட்டலத்துக்குக் கொடுக்கும் பணத்தைவிடக் கையுறை, கண்ணாடி, நாசில் (தெளிப்பான் முனை), தனி டேங்க் இவற்றுக்குத்தான் அதிகம் செலவாகும். அந்தச் செலவுக்குத் தயாராக இல்லாதவர்கள் ஆள் விட்டுக் கைக்களை எடுப்பதே மேல். பல கம்பெனிகள் இதே தூளை விற்கின்றன, உள்ளே இருப்பது ஒன்றுதான், அதனால் கம்பெனிப் பெயருக்குள் போகவில்லை. ஊர்ப் பெரியவர்கள் இன்னமும் பழைய பெயரில் "பெர்னாக்சோன்" என்றுதான் கேட்டு வாங்குகிறார்கள்.

எங்கள் காடு உடுமலைப்பேட்டைப் பக்கம். மக்காச்சோளம் (இனிச் சோளம் என்று சொல்வதெல்லாம் இதைத்தான்), கொஞ்சம் கரும்பு, வரப்பெல்லாம் பார்த்தீனியம். வேலிக்கு அந்தப் பக்கம் சித்தப்பா காடு, அங்கே வருஷம் முழுக்க ஏதாவது ஒரு பருவத்தில் தக்காளி நிற்கும். இந்த விமர்சனத்தில் பாதி அந்தத் தக்காளியைப் பற்றியதாகத்தான் இருக்கும்.

எதைக் கொல்லும் என்பதைச் சுருக்கமாகச் சொன்னால், சாரணை, தொய்யக்கீரை, பண்ணைக்கீரை, பார்த்தீனியம், கரும்பில் ஏறும் கொடிக்களை ஆகியவை இளசாக இருக்கும்போது நன்றாகக் கேட்கும். அருகம்புல்லை ஒன்றும் செய்யாது. கோரை கொஞ்சம் சுணங்கி மறுபடி எழுந்துவிடும். மூக்கிரட்டை மேலே காய்ந்து, அடிக்கிழங்கிலிருந்து துளிர்க்கும். சோளமும் கரும்பும் புல்லினம் என்பதால்தான் தப்பிக்கின்றன. செடியின் சொந்த வளர்ச்சி ஊக்கியான ஆக்சினைப் போலவே நடிக்கும் மருந்து இது. அகன்ற இலைச் செடி கட்டுப்பாடில்லாமல் தாறுமாறாக வளரத் தொடங்கி, தண்டு முறுக்கி, உணவு போகும் பாதை அடைபட்டுச் சாகும். அடித்த மறுநாளே சாரணை முறுக்கிக்கொண்டு நிற்பதைப் பார்க்கலாம். முழுசாகக் காய ஒன்று முதல் மூன்று வாரம் ஆகும். "அடிச்சு நாலு நாளாச்சு, இன்னும் பச்சையா இருக்குதே" என்று இரண்டாம் முறை அடிப்பவர்கள் உண்டு. அது வீண்செலவு, பயிருக்கும் கெடுதல்.

அப்புறம் கடை விஷயம். உரக்கடையில் போய் "2,4-டி" என்று மட்டும் கேட்டால் கையில் எது வரும் என்று சொல்ல முடியாது. மூன்று வடிவத்தில் விற்கிறது: சோடியம் உப்புத் தூள், அமைன் உப்புத் திரவம், எத்தில் எஸ்டர் திரவம். நான் தூள் கேட்டபோது கடைத்தம்பி, "எஸ்டரே வாங்கிக்குங்க்கா, வேகமாக் கேக்கும், எண்ணெய்ப்பசை இருக்கறதால மழை வந்தாலும் போகாது" என்றார். அவர் சொன்னதில் பொய் இல்லை. எஸ்டர் இலைக்குள் சீக்கிரம் இறங்கும். ஆனால் எஸ்டருக்கு ஆவியாகும் குணம் உண்டு. காலையில் ஒழுங்காக அடித்துவிட்டு வீட்டுக்கு வந்தபிறகும், வெயில் ஏறியதும் இலையிலிருந்து ஆவியாகக் கிளம்பிப் பக்கத்துக் காட்டுக்குப் போகும். காற்று பார்த்து அடித்தவருக்கும் அதில் பாதுகாப்பு இல்லை. உப்பு வடிவங்களில் இந்தத் தொல்லை மிகக் குறைவு. பக்கத்தில் தக்காளி, பருத்தி, வெண்டை, திராட்சை, முருங்கை, பயறு வகை என்று எது இருந்தாலும் எஸ்டரைத் தொடாதீர்கள். பொட்டலத்தில் "சோடியம் உப்பு" என்று இருக்கிறதா என்று படித்துப் பார்த்து, தொகுதி எண் போட்ட பில்லும் கேட்டு வாங்குங்கள். பில் கேட்டால் முகம் சுளிக்கும் கடையில் நான் வாங்குவதில்லை.

அதே மேசையில் பாராகுவாட் என்ற வேறொரு களைக்கொல்லியையும் நீட்டுவார்கள், "ரெண்டே நாள்ல கருகிரும்" என்று. கருகும்தான். உள்ளே போனால் முறிவு மருந்து கிடையாது என்பதை யாரும் சேர்த்துச் சொல்வதில்லை. கிளைபோசேட் என்ற இன்னொரு களைக்கொல்லிக்கு 2022 அக்டோபரிலேயே மத்திய அரசு கட்டுப்பாடு போட்டுவிட்டது. பூச்சிக்கட்டுப்பாட்டு உரிமம் உள்ளவர்கள் மூலமாக மட்டுமே அதைப் பயன்படுத்தலாம்.

பொட்டலத்தைப் பற்றி ஒரு குறை. அரைக் கிலோ தூளை மெல்லிய உறையில் அடைத்துத் தருகிறார்கள், ஓரம் கிழித்ததும் தூள் பறக்கிறது. உள்ளே அளவுக்கரண்டி கிடையாது. சட்டப்படி வைக்கவேண்டிய துண்டறிக்கை இருக்கிறது, தமிழும் இருக்கிறது, ஆனால் எழுத்து எறும்பு அளவு. என் மகளைவிட்டுக் கைப்பேசியில் படம் எடுத்துப் பெரிதாக்கித்தான் படிக்க முடிந்தது. படிக்கத்தான் வேண்டும், ஏனென்றால் எந்தப் பயிருக்கு எவ்வளவு, எத்தனை நாள் பயிரில், அறுவடைக்கு எத்தனை நாள் முன் நிறுத்தவேண்டும் என்பதெல்லாம் அதில்தான். உறையின் மேலுள்ள முக்கோண நிறமும் அதேபோல முக்கியம்: சிவப்பு மிகக் கொடிய நஞ்சு, அடுத்து மஞ்சள், அப்புறம் நீலம், கடைசியாகப் பச்சை. பச்சை என்றாலும் நஞ்சுதான்.

அளவுதான் பெரிய குழப்பம். "டேங்குக்கு ஒரு கைப்பிடி போடுங்க" என்பதுதான் பொதுவாகக் கிடைக்கும் அறிவுரை. கணக்குப் போட்டுப் பாருங்கள். மக்காச்சோளத்துக்குத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகப் பரிந்துரை, விதைத்த 20 முதல் 25 நாளில் ஹெக்டேருக்கு 1 கிலோ 2,4-டி, 500 லிட்டர் தண்ணீரில். ஏக்கருக்கு 400 கிராம், 200 லிட்டர். அதாவது லிட்டருக்கு 2 கிராம், 16 லிட்டர் டேங்குக்கு 32 கிராம். தரிசில் நிற்கும் பார்த்தீனியத்துக்கு அதே பல்கலைக்கழகம் சொல்வது லிட்டருக்கு 8 கிராம், டேங்குக்கு 128 கிராம். இரண்டுக்கும் நான்கு மடங்கு வித்தியாசம். ஒரே கைப்பிடி இரண்டுக்கும் எப்படிப் பொருந்தும்? வரப்புக்குக் கலந்ததைச் சோளத்தில் அடித்தால் சோளம் என்ன பாடுபடும்? மருந்துக்கென்று சின்ன எலக்ட்ரானிக் தராசு ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். அது சமையலறைக்குள் வராது.

தண்ணீரையும் கவனிக்க வேண்டும். எங்கள் பக்கம் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் உப்பும் கடினமும். அதில் இந்தத் தூளைக் கலக்கினால் சிலசமயம் திரிந்த பால் மாதிரி வெள்ளையாகத் திப்பி திப்பியாக நிற்கும். தண்ணீரில் உள்ள சுண்ணாம்புச் சத்து மருந்தைப் பிடித்துக்கொள்கிறது, நாசிலும் அடைக்கிறது, களையும் சரியாகச் சாவதில்லை. வாய்க்கால் தண்ணீர் வரும் சமயத்தில் அதைத்தான் பிடித்து வைக்கிறேன், மழைத்தண்ணீர் கிடைத்தால் இன்னும் நல்லது. முதலில் ஒரு வாளியில் முழுசாகக் கரைத்து, வடிகட்டி, பாதி நிரப்பிய டேங்கில் ஊற்றி, மீதித் தண்ணீரைச் சேர்ப்பதுதான் சரியான முறை.

நாசிலில் பலர் கோட்டை விடுகிறார்கள். பூச்சிமருந்துக்குப் போடும் வட்டக்கூம்பு நாசில் புகைபோலப் பொடித்துளி வீசும். களைக்கொல்லிக்கு அது ஆகவே ஆகாது. தட்டை விசிறி நாசில், இல்லையென்றால் தட்டில் மோதி விரியும் நாசில் போட வேண்டும். துளி பெரிதாக விழும், காற்றில் பறப்பது குறையும். பேட்டரித் தெளிப்பானில் வேகத்தைக் குறைத்து வைக்கவேண்டும். பேட்டரி புதிது என்று முழு அழுத்தத்தில் வைத்தால் நல்ல நாசிலும் பொடித்துளிதான் போடும். அடிப்பவரின் நடையும் முக்கியம். எங்களுக்கு மருந்தடிக்க வரும் பெரியவரை முதலில் வெறும் தண்ணீரோடு ஒரு சென்ட் நிலத்தை அடிக்கச் சொன்னேன். ஏக்கருக்கு 200 லிட்டர் என்றால் ஒரு சென்ட்டுக்கு 2 லிட்டர் போகவேண்டும். கூடப் போனால் நடை மெதுவு, குறைந்தால் வேகம். "இத்தன வருசமா மருந்தடிக்கிறேன், எனக்கே பாடமா அம்மிணி" என்று சிரித்தார். ஆனால் அளந்து பார்த்துவிட்டு நடையை மாற்றிக்கொண்டார்.

இனி காற்று. எங்கள் ஊருக்குப் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று தெரியாததில்லை. ஆனி, ஆடியில் கூரையைத் தூக்கும். சுற்றிலும் காற்றாலை நிற்பதே அதனால்தான். நான் வைத்திருக்கும் அளவுகோல் அந்தக் காற்றாலைதான்: தூரத்தில் இறக்கை விறுவிறுவென்று சுற்றினால் அன்றைக்கு டேங்கைத் தோளில் ஏற்றுவதில்லை. ஆனால் காற்றே அசையாத விடிகாலை நல்லது என்று நினைத்துவிடாதீர்கள். பனி படர்ந்த காலையில் குளிர்ந்த காற்று தரையோடு படுத்திருக்கும், பொடித்துளிகள் கீழே விழாமல் அதில் மிதந்து பக்கவாட்டில் வெகுதூரம் நகரும். அடுப்புப் புகை மேலே போகாமல் படுத்தவாறு ஊர்கிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும். புகை நேராக எழும்பத் தொடங்கியபின், லேசான காற்று தக்காளிக்கு எதிர்த்திசையில் அடிக்கும்போது, வெயில் உறைக்கும் முன் முடித்துவிட வேண்டும். அடுத்த ஆறு மணி நேரத்துக்காவது மழை வரக்கூடாது, உப்பு வடிவம் மழையில் கழுவிக்கொண்டு போகும்.

தக்காளிக்கு இது எவ்வளவு ஆகாது என்று பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். கண்ணுக்குத் தெரியாத அளவு பட்டாலே கொழுந்து கீழே வளையும், புது இலை நாராகச் சுருங்கும், பூ உதிரும், காய் கோணும். பருத்தி இன்னும் மோசம், இலை வெண்டை இலைபோல விரல்விரலாகப் பிரிந்துவிடும். கரும்பில் சுடுமல்லி என்ற ஒட்டுண்ணிக் களைக்கு இந்தத் தூளைப் பரிந்துரைக்கும் பல்கலைக்கழகமே, பக்கத்தில் பருத்தியோ வெண்டையோ இருந்தால் அடிக்காதே என்று அதே இடத்தில் எழுதியிருக்கிறது. அதனால் எனக்கும் சித்தப்பாவுக்கும் ஒரு ஏற்பாடு. அடிப்பதற்கு முந்தின நாள் மாலை போய்ச் சொல்லிவிடுவேன். வேலியோரச் சோள வரிசைகளுக்கு மருந்தே கிடையாது, அங்கே கைக்களைதான். "மருந்து நல்லதோ கெட்டதோ கண்ணு, நீ சொல்லிட்டு அடிக்கிறது நல்லது" என்பார் சித்தப்பா. பயிர் பாழாகி, பஞ்சாயத்து வைத்து, பேச்சே நின்றுபோன பங்காளிகள் எங்கள் ஊரிலேயே உண்டு.

உடம்புப் பாதுகாப்பு. மருந்தடிப்பதைவிடக் கலக்கும் நேரம்தான் ஆபத்து அதிகம். அப்போது கையில் இருப்பது தண்ணீர் கலக்காத சரக்கு. 2,4-டி உப்புகள் கண்ணில் பட்டால் கடுமையாகப் புண்ணாக்கும். அதனால் எல்லாவற்றுக்கும் முன்னால் பக்கமும் மூடிய கண்ணாடி. அடுத்து நைட்ரைல் கையுறை. துணிக் கையுறை வேண்டாம், அது மருந்தை உறிஞ்சிக் கையோடு வைத்துக்கொள்ளும். வாயைச் சுற்றித் துண்டு கட்டும் வழக்கமும் அப்படித்தான். நனைந்த துண்டு மருந்தை மூக்கோடு சேர்த்து வைக்கும். தூள் நிறுக்கும்போது தூசி முகமூடி போட்டுக்கொள்ள வேண்டும். முழுக்கைச் சட்டை, முழுக்கால்சட்டை, ரப்பர் பூட்ஸ், கால்சட்டை பூட்ஸுக்கு வெளியே. உள்ளே விட்டால் வழிந்தது எல்லாம் பாதத்துக்குப் போகும். பெரியவர் லுங்கியும் வெறுங்காலுமாகத்தான் எப்போதும் வருவார். அவர் அளவுக்குப் பூட்ஸும் கால்சட்டையும் நான் வாங்கி வைத்திருக்கிறேன். வேர்க்கிறது என்று முனகுவார். அதனால் வேலையை வெயிலுக்கு முன் முடித்துவிடுவோம், அதற்கும் காலை நேரமே வசதி.

முன்னால் நடந்துகொண்டே அடித்தால், அடித்த ஈரச்செடியில் தானே உரசிக்கொண்டு போகவேண்டி வரும். பின்வாங்கி நடந்து அடிக்கச் சொல்கிறேன். டேங்க் மூடியின் வாஷர் தேய்ந்திருந்தால் முதுகில் ஒழுகும், தோல் வழியாகவும் உள்ளே போகும். அதனால் முதலில் வெறும் தண்ணீர் நிரப்பிக் கவிழ்த்துப் பார்க்க வேண்டும். நாசில் அடைத்தால் வாயால் ஊதக்கூடாது, பழைய பல்துலக்கியால் தேய்த்தால் போதும். அடிக்கும்போது பீடி, வெற்றிலை, தண்ணீர் எதுவும் இல்லை. முடிந்ததும் சோப்புப் போட்டுக் குளியல், துணி தனியாகத் துவைப்பு. கண்ணில் பட்டுவிட்டால் நல்ல தண்ணீரை விடாமல் ஒரு கால் மணி நேரம் ஊற்றிக் கழுவி, பொட்டலத்தோடு மருத்துவரிடம் போக வேண்டும். இதற்கும் தனி முறிவு மருந்து இல்லை. வயிற்றுக்குள் போனால் வாந்தி எடுக்கவைக்க முயலாமல் 108-ஐ அழைத்து, உறையையும் எடுத்துக்கொண்டு ஓடுங்கள்.

பலன் எப்படி? சோளத்தில் நல்ல திருப்தி. பருவம் தப்பாமல் அடித்தால் வரிசைக்கிடையே சாரணை ஒன்றுகூட மிஞ்சுவதில்லை, புல் மட்டும் நிற்கும். அரைக் கிலோ பொட்டலத்தின் விலை ஒரு பெண்ணாள் ஒருநாள் கூலிக்கும் குறைவு. களைவெட்டுக்கு ஆள் கிடைக்காத இந்தக் காலத்தில் இது பெரிய விஷயம். ஆனால் சோளம் உயர்ந்தபின் அடித்தால் இலை சுருண்டு வெங்காயத்தாள்போல நிற்கும், தண்டு சட்டென்று ஒடியும், ஊன்றுவேர் ஒட்டிக்கொண்டு கோணலாகும். தட்டைப்பயறு, உளுந்து ஊடுபயிராகப் போட்டவர்கள் இந்தப் பக்கமே வரக்கூடாது.

பார்த்தீனியத்துக்குப் பூ எடுக்கும் முன் அடித்தால்தான் அர்த்தம். பூத்தபின் செடி செத்தாலும் விதை நிலத்துக்குப் போய்விடும், ஒரு செடியே ஆயிரக்கணக்கில் விதைக்கும். 1955 வாக்கில் புனேயில் கண்டறியப்பட்ட செடி நாடு முழுக்கப் பரவியது இப்படித்தான். தக்காளியோர வரப்பில் நான் 2,4-டியே அடிப்பதில்லை. அங்கே லிட்டருக்கு 200 கிராம் சமையல் உப்பும் 2 மில்லி சோப்புக் கரைசலும். இதுவும் பல்கலைக்கழகம் சொன்னதுதான். ஆனால் உப்பு நிலத்தைக் கெடுக்கும், பயிர் வைக்கும் இடத்தில் வேண்டாம்.

புதர் விஷயத்தில் ஏமாற்றம். சீமைக்கருவேலத்துக்கு இதை அடித்தால் இலை பழுத்து உதிரும், பார்க்க வெற்றிபோல இருக்கும், அப்புறம் அடிக்கட்டையிலிருந்து முன்னைவிட அடர்த்தியாகத் துளிர்க்கும். அதன் மொட்டுகள் மண்ணுக்குக் கீழேயும் இருப்பதால் மேலே அடித்த மருந்து எட்டுவதில்லை. பொக்லைன் விட்டு வேர்க்கட்டையோடு பிடுங்கி, அப்புறம் விதையிலிருந்து முளைக்கும் குட்டிகளை மண்வெட்டியால் எடுப்பதுதான் வழி. "வேலிக்கருவைக்கு இதுவே போதும்" என்று கடையில் சொன்னால் நம்பவேண்டாம்.

புற்றுநோய் வருமா என்று கேட்பவர்களுக்கு: உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015-ல் இதை "2பி", அதாவது புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்ற பிரிவில் வைத்தது. 2020 மே மாதம் மத்திய அரசு தடை செய்யலாம் என்று வரைவு வெளியிட்ட 27 மருந்துகளில் இதுவும் இருந்தது. வியட்நாம் போரில் கொட்டிய ஏஜென்ட் ஆரஞ்சு என்ற களைக்கொல்லிக் கலவையில் பாதி இதுதான் என்பதும் உண்மை. அதில் டயாக்சின் என்ற கொடிய நஞ்சு கலந்திருந்தது மற்றப் பாதியான 2,4,5-டி என்ற வேறு மருந்தில். எல்லாம் தெரிந்துதான் வாங்குகிறேன். தெரிந்ததால்தான் கண்ணாடியும் கையுறையும்.

ஆடு மாடு வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. மருந்து பட்ட களை சிலசமயம் வழக்கத்தைவிட ருசியாகிவிடும். சாதாரணமாகத் தொடாத செடியையும் ஆடு மேயும். அடித்த காட்டோரத்தில் சிவப்புத் துணி கட்டி, மேய்க்க வருபவர்களிடமும் சொல்லிவிடுகிறேன்.

தெளிப்பானைக் கடைசியாக வைத்தேன், ஆனால் இதில்தான் அதிகம் பேருக்குப் பயிர் போகிறது. டேங்கிலும் குழாயிலும் ஒட்டியிருக்கும் மிச்சம், அடுத்த வாரம் அதே டேங்கில் தக்காளிக்குப் பூச்சிமருந்து அடித்தாலும் வேலையைக் காட்டும். சலவைச் சோடா கரைத்து ஊறவைத்துப் பலமுறை அலசலாம், ஆனாலும் ரப்பர் குழாயை நம்ப முடியாது. எங்களிடம் களைக்கொல்லிக்கென்றே ஒரு டேங்க், மூடியில் சிவப்புப் பெயின்ட். யார் இரவல் கேட்டாலும் அது கிடையாது. கழுவிய தண்ணீரை வாய்க்காலிலோ கிணற்றோரத்திலோ ஊற்றாமல் அடித்த காட்டிலேயே தெளித்துவிடுகிறோம். காலி உறையை அலசிக் கிழித்துப் புதைக்கிறோம், எரிப்பதில்லை. மீதித் தூள் விதை, உரம், தீவனம் எதோடும் சேராமல் பூட்டிய பெட்டியில். ஈரம் பட்டால் கட்டி பிடிக்கும், அதனால் ஒரு பருவத்துக்கு வேண்டியதை மட்டும் வாங்குகிறேன்.

பக்கத்தில் தக்காளியோ பருத்தியோ இல்லாத மானாவாரிச் சோளக்காட்டுக்கு ஐந்துக்கு நாலரை. எங்களைப்போல வேலியோரத்தில் காய்கறி இருப்பவர்களுக்கு மூன்று. திராட்சைத் தோட்டத்துக்குப் பக்கத்தில் இருப்பவர்கள் வாங்கவே வேண்டாம்.